பழைய ஆல்பம் கேட்கும் முன்: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

பழைய ஆல்பம் ஒன்றின் மேல் பித்துப் பிடித்தால், முதலில் பார்க்க வேண்டியது கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதை. பெயர் ஒன்றுதான், அட்டைப் படம் ஒன்றுதான், உருப்படிகளின் வரிசையும் ஒன்றுதான். ஆனால் உள்ளே ஒலிப்பது வேறாக இருக்கலாம். ஒன்றில் சுருதி ஏறியிருக்கும், இன்னொன்றில் மிருதுவான இடமும் அதிரும் இடமும் ஒரே உயரத்தில் நசுங்கிக் கிடக்கும், மூன்றாவதில் ஒரு குரலே மாறியிருக்கும். கலைஞரைப் பற்றி நாம் வைத்திருக்கும் அபிப்பிராயம் பல சமயம் அந்தப் பதிப்பைப் பற்றிய அபிப்பிராயம்தான். இப்போது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும் சில ஆல்பங்களை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’விலிருந்து தொடங்கலாம். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள் அமர்வுகளில், நியூயார்க்கில் இருந்த கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் பதிவானது. மார்ச் அமர்வில் பதிந்த ‘சோ வாட்’, ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘ப்ளூ இன் கிரீன்’ மூன்றும் இசைத்தட்டின் முதல் பக்கம். அன்று முதன்மைப் பதிவுக்கு ஓடிய டேப் இயந்திரம் சரியான வேகத்தைவிடச் சற்று மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாமே கொஞ்சம் விரையும், சுருதியும் கூடவே ஏறும். அப்படி ஏறிய சுருதியில்தான் முதல் பக்கத்தை உலகம் 30 ஆண்டுகளுக்கு மேல் கேட்டது. ஏப்ரலில் பதிந்த இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. மார்ச் அமர்வில் பாதுகாப்புக்காகக் கூடவே ஓடிய இன்னொரு இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியிருந்தது. 1992 மறுவெளியீட்டில்தான் அந்த டேப்பை எடுத்துச் சுருதியைச் சரிசெய்தார்கள்.

உங்கள் பிரதி எது என்று கண்டுபிடிப்பது சுலபம். கீபோர்டை ஏ 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சோ வாட்’டில் பியானோவும் பாஸும் தாளம் விட்டு நடக்கும் முகப்பு முடிந்து, பால் சேம்பர்ஸ் பாஸில் ஒரு வாக்கியம் வாசிப்பார், அதற்கு இரண்டே கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டில், பதில் வரும். அந்த இடத்தில் டி ஸ்வரத்தை அழுத்திப் பிடியுங்கள். உருப்படியின் முதல் 16 பார்கள் (தாள அளவுகள்) டி டோரியனில் நிற்கின்றன. நம் கணக்கில் கரஹரப்பிரியா ஸ்வரங்கள், டி ஆதார ஸட்ஜம். அடுத்த 8 பார்கள் அரைக்கட்டை மேலே போகும், கடைசி 8 மறுபடி இறங்கிவரும். திருத்திய பதிப்பு என்றால் உங்கள் டி அப்படியே கரைந்துவிடும். பழைய பிரதி என்றால் டிக்கும் அதற்கு மேல் அரைக்கட்டைக்கும் நடுவே எங்கேயோ நின்று, இரண்டு ஒலியும் உரசித் துடிக்கும். கீபோர்டு இல்லாவிட்டால், திருத்திய பதிப்போடு நேரத்தை ஒப்பிடுங்கள். ஏறிய பிரதி சில வினாடிகள் முன்னதாக முடியும்.

பழைய பிரதியிலிருந்து எடுத்த கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திருத்தலாம். ‘வேகமும் சுருதியும் சேர்ந்து’ மாறும் கருவியையே எடுக்க வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் நடை பழையபடி விரைவாகவே இருக்கும். போதாததற்குச் சிம்பலின் ஓசையில் ஒரு தண்ணீர்ச் சலசலப்பு சேரும். வேகத்தை ஒரு சதவீதம் இறக்கித் தொடங்கி, மேலும் சிறிது சிறிதாக இறக்கி, டி உரசாமல் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அரைக்கட்டை என்பது சுமார் 6 சதவீத வேகம், ஆகவே 3 சதவீதத்தைத் தாண்டிப் போகிறீர்கள் என்றால் வேறெங்கோ தவறு. திருத்திய வேகத்தில் கேட்கும்போது என்னை நிறுத்துவது ஜிம்மி காப்பின் டிரம்ஸ். பழைய பிரதியில் லேசாக அவசரப்படுவதாகத் தோன்றும் அந்தச் சிம்பல் நடை இங்கே தரையில் கால் ஊன்றி நடக்கிறது.

அதே 30ஆம் தெரு ஸ்டுடியோவில்தான் பியானோ கலைஞர் க்ளென் கூல்டு பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ஸை இரண்டு முறை பதிந்தார், 1955இலும் 1981இலும். முதலாவது 38 நிமிடத்துச் சொச்சம், இரண்டாவது 51 நிமிடத்துச் சொச்சம். 13 நிமிடக் கூடுதலுக்குக் காரணம் நிதானம் மட்டும் இல்லை. 1955இல் பாக் எழுதிய மறுவாசிப்புகளை எல்லாம் விட்டுவிட்டவர், 1981இல் சிலவற்றின் முதல் பாதியை இருமுறை வாசிக்கிறார். இரண்டையும் ஒப்பிட விரும்புகிறவர்கள் ஆரியா என்ற தொடக்கப் பகுதியை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. 1981 பதிவின் சிறப்பு, ஒரு வேரியேஷன் (அதே கருவின் மாற்று வடிவம்) முடிந்து அடுத்தது தொடங்கும்போது இரண்டின் வேகத்துக்கும் இடையே அவர் வைத்திருக்கும் கணக்கில் இருக்கிறது. முதல் பத்தையாவது இடைவெளி விடாமல் கேட்டால்தான் அது புலப்படும்.

இங்கேயும் பதிப்பு முக்கியம். 1981 பதிவு டிஜிட்டலின் ஆரம்பக் காலத்தில், டிஜிட்டலில் செய்தது. வெகுகாலம் விற்ற சிடியும் அதிலிருந்து வந்ததே. அமர்வில் காப்புக்காக அனலாக் டேப்பும் ஓடியது. 2002இல் இரண்டு பதிவுகளையும் சேர்த்து வெளியிட்டபோது 1981க்கு அந்த அனலாக் டேப்பைப் பயன்படுத்தினார்கள். பியானோவின் மேல் ஸ்தாயியில் வித்தியாசம் தெரியும். டிஜிட்டல் பதிப்பில் ஒவ்வொரு தட்டலும் கொஞ்சம் கண்ணாடித்தனமாக விழும். அனலாக்கில் தட்டலுக்குப் பின்னால் கம்பியின் உடல் கேட்கும். கூல்டு வாசித்துக்கொண்டே முனகுவது இரண்டிலும் உண்டு. அதை வடிகட்டப் பார்க்காதீர்கள், பியானோவின் நடு ஸ்தாயியும் சேர்ந்து போய்விடும்.

1960களின் பாப் ஆல்பங்களில் கேள்வி வேறு: எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் மோனோவா, இடம் வலமாகப் பிரியும் ஸ்டீரியோவா? இன்றைய பழக்கத்தில் ஸ்டீரியோதான் உயர்வு என்று நினைப்போம். அன்று உழைப்பு முழுக்க மோனோவில் போனது. பீட்டில்ஸின் 1967 ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்’ஸின் மோனோ கலவைக்குத்தான் நால்வரும் உட்கார்ந்தார்கள், ஸ்டீரியோ பிறகு விரைவாகச் செய்யப்பட்டது. அதில் ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் அரைக்கட்டை உயரமாக, அதற்கேற்ற வேகத்தில் ஓடும். ஸ்டீரியோவில் பாட்டு சோகமாக இழுப்பதாக நினைத்தவர்கள் மோனோவைக் கேட்டால் அந்த இழுப்பு அதில் இல்லை என்று தெரிந்துகொள்வார்கள். 2009இல் வந்த மோனோ பெட்டித் தொகுப்பில் இது கிடைக்கும்.

பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இன்னும் தெளிவான உதாரணம். அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது கேட்கவில்லை. அவர் கட்டியதே மோனோ. பக்கவாத்தியக் குழு மொத்தமும் குறைந்த தடங்களில் பதிந்து, அதை ஒரே தடத்துக்குச் சுருக்கி, மீதித் தடங்களில் குரல்களை அடுக்கினார்கள். முழு ஸ்டீரியோ கலவை 1990களில், மூல டேப்புகளைத் தனித்தனியாக ஒத்திசைத்துச் செய்தது. குரல்களின் அடுக்கைப் பிரித்துக் கேட்டுப் படிக்க ஸ்டீரியோ அருமையான பாடம். ஆனால் ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்க மோனோதான். அக்கார்டியனும் ஆர்கனும் சாக்ஸஃபோனும் கலந்து, எந்த வாத்தியம் என்று பெயர் சொல்ல முடியாத புது ஒலி ஒன்று பிறக்கிறதே, அதுதான் அந்த ஆல்பத்தின் கண்டுபிடிப்பு; வலமும் இடமுமாகப் பிரித்தால் அது கலைந்துவிடும். மோனோவை ஹெட்ஃபோனைவிட ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கர் என்றால் இரண்டுக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். குரல் நட்டநடுவில் ஊசிமுனையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உங்கள் அமைப்பில் ஏதோ சரியில்லை.

பதிப்புகளை ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் இடறுவது ஒலி அளவில். ஒரு டெசிபல் கூடுதலாக இருக்கும் பதிப்பு ‘சத்தமாக இருக்கிறது’ என்று தோன்றாது. ‘தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். பழைய பதிவை மறுபடி மெருகேற்றிய புதிய ரீமாஸ்டர்கள் பலவற்றில் உச்சங்களை நசுக்கிச் சராசரி அளவை ஏற்றியிருப்பார்கள், ஆகவே முதல் நிமிடத்தில் அவைதான் ஜெயிக்கும். அரை மணி கழித்துக் காது களைத்துப் போகும். ஒப்பிடும் முன் ஃபூபார்2000 போன்ற பிளேயரில் இரண்டு கோப்புகளுக்கும் ஒலி அளவை ஒப்பிடும் ரீப்ளேகெயினைக் கணக்கிடச் சொல்லி, அளவைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். அரை டெசிபலுக்குள் கொண்டுவரும் வரை எந்தத் தீர்ப்பும் செல்லாது. பிறகு ஒரே 30 வினாடியை மாற்றி மாற்றிக் கேளுங்கள், எது எது என்று தெரியாதபடி இன்னொருவர் மாற்றித் தந்தால் மிக நல்லது. எந்த 30 வினாடி? எல்லா வாத்தியமும் முழங்கும் இடம் வேண்டாம். ஒரு டிரம் அடி விழுந்து அடங்கும் இடம், அல்லது பாடகர் தணிந்த குரலிலிருந்து உச்சத்துக்கு ஏறும் இடம். நசுக்கிய பதிப்பில் அடி விழுந்த கணத்தில் மற்ற வாத்தியங்கள் ஒரு நொடி பின்வாங்கித் திரும்பும்.

ஸ்ட்ரீமிங்கில் இந்தச் சமப்படுத்தலைச் செயலியே செய்கிறது. ஸ்பாட்டிஃபையின் இயல்பான இலக்கு மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் ஒலி அளவின் அலகு), ஆப்பிள் மியூசிக்கில் மைனஸ் 16. ஆகவே நசுக்கி உரக்க வைத்த பதிப்புக்கு அங்கே லாபம் எதுவும் இல்லை, இறக்கப்பட்டு வெளிறித்தான் ஒலிக்கும். ஆல்பமாகக் கேட்கும்போது கவனிக்க வேண்டியது வேறு. உருப்படி உருப்படியாகச் சமப்படுத்தினால், மெல்லிய இடைப்பகுதிகூட அடுத்து வரும் பெருமுழக்கத்தின் அளவுக்கு உயர்ந்துவிடும். உருவாக்கியவர் வைத்த ஏற்ற இறக்கம் போச்சு. வரிசையைக் கலைக்காமல் ஆல்பமாக ஓட்டினால் ஸ்பாட்டிஃபை முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவைப் பயன்படுத்தும். ஷஃபிளில் அப்படி இல்லை. கூடவே, உருப்படிகளை ஒன்றோடொன்று கரைக்கும் கிராஸ்ஃபேடை அணைத்துவிட்டு, இடைவெளியில்லாத ஓட்டத்தை இயக்கிவையுங்கள்.

1980களின் ஆரம்ப சிடிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நசுக்கல் இல்லாத பதிப்புகள் என்பதால் அவற்றுக்கு மதிப்பு உண்டு, அது நியாயம்தான். ஆனால் அவற்றில் சிலவற்றை ப்ரீ-எம்ஃபசிஸ் போட்டு வெளியிட்டார்கள்: மேல் அதிர்வெண்களை உயர்த்திப் பதிந்து, சிடி பிளேயரே அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு. சிடியைக் கணினியில் கோப்பாக எடுத்தால், அதாவது ரிப் செய்தால், அந்த இறக்கம் பெரும்பாலும் நடக்காது. ‘இந்தப் பழைய சிடி ஏன் இப்படிக் கிறீச்சிடுகிறது’ என்ற புகாருக்குப் பல சமயம் இதுதான் காரணம். ரிப் செய்யும் மென்பொருளின் பதிவேட்டில் ப்ரீ-எம்ஃபசிஸ் குறியீடு இருக்கிறதா பாருங்கள். சில தட்டுகளில் பொருளடக்கப் பகுதியில் இல்லாமல் உள்ளே துணைக்குறியீட்டில் மட்டும் இருக்கும், இரண்டையும் படிக்கும் மென்பொருள் வேண்டும். இருந்தால் சாக்ஸ் (SoX) என்ற ஒலி மென்பொருளின் ‘டீஎம்ஃப்’ (deemph) கட்டளையைக் கொடுத்துத் திருத்திய பிரதியை வேறு பெயரில் சேமியுங்கள்.

இனி இசைத்தட்டு. ‘கால் ஆஃப் தி வேலி’யை இசைத்தட்டாகவே நினைத்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1967இல் பதிவான ஆல்பம். சிவகுமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் கரு. விடியலுக்கு ஆஹிர் பைரவ், தொடர்ந்து நட் பைரவ், பின் பீலு. தட்டைத் திருப்பினால் பூப், தேஷ், பஹாடி என்று பொழுது சாய்ந்து இரவாகிறது. ஆஹிர் பைரவை நம் சக்கரவாகமாகவும், நட் பைரவைச் சரசாங்கியாகவும், பூப்பை மோகனமாகவும் காதில் வைத்துக் கேட்டால் பாதை இன்னும் தெளிவாகும். ஆஹிர் பைரவிலிருந்து நட் பைரவுக்கு மாறும்போது ரிஷபம் ஏறுகிறது, தைவதம் இறங்குகிறது, நிஷாதம் ஏறுகிறது. அந்த மூன்று ஸ்வர மாற்றத்தில் வெயில் ஏறுவதைக் காட்டிவிடுகிறார்கள். சந்தூரில் இது எளிதல்ல, கம்பிகளை முன்கூட்டியே சுருதி சேர்த்து வைக்க வேண்டிய வாத்தியம் அது. பின்னால் வந்த சிடி பதிப்பில் கூடுதல் உருப்படிகளைச் சேர்த்திருக்கிறார்கள். தனியாகக் கேட்க அவை நல்லவையே, ஆனால் பஹாடியில் இரவாகி முடிந்த நாளுக்குப் பின் அவை வருவது பொருந்தவில்லை. பஹாடி முடிந்ததும் நிறுத்துங்கள்.

தட்டில் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு பக்கத்தின் கடைசி உருப்படிதான் சோதனை. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் ஊசியின் கீழ் வினாடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், உள் விளிம்பில் அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டியிருப்பதால் மேல் அதிர்வெண்கள் நெருக்கியடித்து நிற்கும், ஊசி தடுமாறும். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறுவதும், சந்தூரின் உச்சக் கம்பிகள் கரகரப்பதும் இதனால்தான். உடனே தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் ஊசி அழுத்தத்தைச் சிறிய டிஜிட்டல் தராசில் அளந்து பாருங்கள். ஊசியைத் தாங்கும், பரவலாகப் புழங்கும் காந்த கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு 2 கிராமை ஒட்டி வரும். உங்களுடையதற்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவே சரி. குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தின் சுவரில் குதித்து மோதும், சேதம் அதில்தான் அதிகம். அடுத்து, கோணமானியை வைத்து கார்ட்ரிட்ஜின் இருப்பைச் சரிபாருங்கள். பேர்வால்ட் முறையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். அதன் பிறகும் சீறினால் வட்ட முனை ஊசியை விட்டு நீள்வட்ட முனைக்கு மாறுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் தட்டின் மேல் பழி.

ரை கூடரும் விஸ்வமோகன் பட்டும் சேர்ந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ (1993) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அங்கே பதிப்புச் சிக்கல் இல்லை. சுமார் 40 நிமிடம், நான்கு உருப்படிகள், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்துக்குள் நேரடியாகப் பதிந்தது. தனித்தனி மைக் வைத்துப் பின்னால் கலந்த ஒலி இல்லை. வாசிப்பவர்களுக்கு இடையே இருக்கும் காற்றும் கூரையின் எதிரொலியும் பதிவில் இருக்கின்றன. புது ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ வந்தால் முதலில் இதைப் போடுங்கள். பட்டின் மோகன வீணையும் கூடரின் கிட்டாரும் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று கண்ணை மூடிச் சுட்ட முடிந்தால் அமைப்பு சரி.

கடைசியாக, இந்த நாட்களில் அதிகம் ஓடுவது: இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986). தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் கமகத்தோடு ஒரு வரியை இழுத்துக்கொண்டு போக, அடியில் தந்திக்குழு மேற்கத்திய எதிரிசையில், ஒன்றோடொன்று பொருந்தும் தனித்தனி வரிகளாக, அசையும். கமகம் ஸ்வரத்தை நிற்கவிடாது, எதிரிசைக்கோ ஸ்வரம் நின்றாக வேண்டும். இரண்டும் எப்படிச் சண்டையில்லாமல் போகின்றன? பாஸ் வரியை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டால் விடை கிடைக்கும். வயலின் அசையும் இடங்களில் பாஸ் அசையாமல் நிற்கிறது, வயலின் நீண்டு நிற்கும் இடத்தில் பாஸ் நகர்கிறது. 1988இல் சௌராசியாவோடு செய்த ‘நத்திங் பட் விண்ட்’டையும் அடுத்துப் போட்டால் இதே கேள்விக்குக் குழலில் வேறு பதில் கிடைக்கிறது.

இந்த ஆல்பங்களைப் பலர் இன்னும் கேசட்டில் வைத்திருப்பார்கள். டிஜிட்டலுக்கு மாற்றுவதானால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் அதை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள்; ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த சுருள் இறுக்கம் விட்டால்தான் வேகம் அலையாது. அடுத்தது அசிமுத், அதாவது ஹெட்டின் சாய்வு. பதிந்த இயந்திரத்தின் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால் மேல் அதிர்வெண்கள் காணாமல் போகும், எந்த ஈக்வலைசராலும் திரும்ப வராது. வெளியீட்டை மோனோவாக்கிக்கொண்டு, டேப் ஓடும்போதே ஹெட்டின் பக்கத்துத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். வயலின் வில் உரசும் ஒலி சட்டென்று திறந்து பளிச்சிடும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி ஸ்டீரியோவுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும், இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி ஏற்பாட்டின் குறி உறையில் இருந்தால் மட்டும் அதை இயக்குங்கள், அசிமுத் சரியான பிறகே. மேல் அதிர்வெண் குறைந்த நிலையில் டால்பி போட்டால் அது இன்னும் இறக்கிவிடும்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பு, வெட்டாமல், இரைச்சல் நீக்காமல், ஒலி இழப்பில்லாத ஃப்ளாக் வடிவில். உருப்படிகளாகப் பிரிப்பதும் இரைச்சல் குறைப்பதும் அதன் நகலில் மட்டும் செய்யுங்கள். கோப்பின் பெயரில் ஆல்பம், பக்கம், எடுத்த தேதி, டெக்கின் மாடல், டால்பி இயங்கியதா இல்லையா என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்.